யூனிட்டி கேட்டலாக் அனுமதிகளை டெராஃபார்மில் எழுதுகிறீர்களா? ஓர் எழுத்தைக் கவனியுங்கள்

டேட்டாபிரிக்ஸ் என்ற தரவுத் தளத்தில் அனுமதிகளைக் கவனிக்கும் பகுதி யூனிட்டி கேட்டலாக். அதில் யார் எந்த அட்டவணையைப் பார்க்கலாம் என்பதை, அமைப்புகளைக் கோடாக எழுத உதவும் டெராஃபார்ம் கருவியின் கோப்பில் எழுதி வைப்பது மிக நல்ல பழக்கம். யார், எப்போது, ஏன் அனுமதியை மாற்றினார் என்பது கோடு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் வரலாற்றில் நிற்கும். ஆனால் டெராஃபார்மில் அனுமதிக்கென இரண்டு ரிசோர்ஸ்கள் (கோப்பில் அறிவிக்கும் அமைப்பு வகைகள்) இருக்கின்றன. பெயரில் ஓர் எழுத்துதான் வேறுபாடு.

‘கிராண்ட்ஸ்’ என்று பன்மையில் முடிவது, ஒரு கேட்டலாக் (தரவுத் தொகுப்பு) அல்லது அதற்குள் அட்டவணைகளைக் கொண்ட ஸ்கீமாவின் முழு அனுமதிப் பட்டியலையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறது. கோப்பில் இல்லாத ஒரு குழுவுக்கு வேறொருவர் எஸ்கியூஎல் கட்டளை மூலம் கொடுத்திருந்த உரிமை, கோப்பை நடைமுறைப்படுத்தும் அடுத்த ‘அப்ளை’யில் நீங்கிவிடும். ‘கிராண்ட்’ என்ற ஒருமையோ குறிப்பிட்ட ஒரு குழுவின் உரிமையை மட்டும் தொடும். ஏற்கெனவே பலர் புழங்கும் கேட்டலாகைக் கோடுக்குள் கொண்டுவரும்போது ஒருமையிலேயே தொடங்குங்கள். ஒரே கேட்டலாகின் மீது இரண்டையும் கலக்கவே வேண்டாம். ஒன்று கொடுத்ததை மற்றொன்று பறிக்கும்.

முதலில் ‘ஷோ கிராண்ட்ஸ்’ கட்டளையால் இப்போதைய நிலையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு, வரப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே சொல்லும் ‘பிளான்’ கட்டளை காட்டும் கழித்தல் குறி வரிகளை, அதாவது நீங்கப்போகிறவற்றை, ஒவ்வொன்றாகப் படியுங்கள். அவசரத்தில் கண் தாண்டிப் போவது இந்த வரிகளைத்தான்.

இன்னொன்று: ‘செலக்ட்’ என்ற படிக்கும் உரிமையை மட்டும் கொடுத்தால் அட்டவணையைப் படிக்க முடியாது. ‘யூஸ் கேட்டலாக்’, ‘யூஸ் ஸ்கீமா’ இரண்டும் உடன் வேண்டும். கேட்டலாக் ரிசோர்ஸில், அதை டெராஃபார்ம் தவறுதலாக அழிப்பதைத் தடுக்கும் ‘பிரிவென்ட் டெஸ்ட்ராய்’ அமைப்பையும் இன்றே சேர்த்துவிடுங்கள்.