சேர்விஸ் டெஸ்க்கில் இருந்து மேலே போக விரும்பும் மலையகப் பிள்ளைகளுக்கு

ஹட்டன், பதுளைப் பக்கமிருந்து கொழும்புக்கு வந்து சேர்விஸ் டெஸ்க்கில், அதாவது கம்பியூட்டர் கோளாறு என்று உதவி கேட்பவர்களைக் கவனிக்கும் ஐ.டி. பிரிவில், சேரும் தம்பி, தங்கச்சிமார் என்னிடம் கேட்பது இதுதான்: "அக்கா, எவ்வளவு காலத்துக்கு பாஸ்வேர்ட் மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருப்பது?" நானும் பொகவந்தலாவைத் தோட்டத்துப் பிள்ளைதான். அதே வேலையில் தொடங்கி இப்போது சேன்ஞ் மனேஜராக, அதாவது ஐ.டி. அமைப்புகளில் செய்யும் மாற்றங்களைத் திட்டமிட்டு நடத்துபவராக, இருக்கிறேன். பதவி வரும்வரை காத்திருக்க வேண்டாம். அந்தப் பதவிக்குரிய வேலையை இப்போதிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள்.

முதலில் நம் வேலையில் வரும் இன்சிடென்ட், புரொப்ளம், சேன்ஞ் என்ற மூன்று விஷயங்களைப் பிரித்துப் பாருங்கள். தேயிலை ஃபெக்டரியில் ரோலர் நின்றால் கொழுந்து கெடுவதற்குள் வேறு ரோலரில் போட்டு வேலையை ஓட்டுவார்கள். அது இன்சிடென்ட். அதே ரோலர் ஏன் அடிக்கடி நிற்கிறது என்று தேடுவது புரொப்ளம். புது மோட்டாரை எப்போது மாட்டுவது, யாருக்கு முன்கூட்டியே சொல்வது, சரிவராவிட்டால் பழையதை எப்படித் திரும்பப் போடுவது என்று தீர்மானித்துச் செய்வது சேன்ஞ். நேர்முகத் தேர்வில் நான் முதலில் கேட்பதும் இதைத்தான்.

அப்புறம், டிக்கெட் (ஒவ்வொரு முறைப்பாட்டுக்குமான பதிவு) எழுதும் பழக்கம். "சரிசெய்யப்பட்டது" என்று ஒரே சொல்லில் மூடாதீர்கள். என்ன நடந்தது, எதையெல்லாம் சோதித்தீர்கள், எதனால் சரியானது என்று எழுதுங்கள். ஒரே பிரின்டர், ஒரே வீ.பி.என். (வெளியிலிருந்து கம்பனி நெட்வேர்க்கில் இணையும் வழி) கோளாறு திரும்பத் திரும்ப வந்தால் அந்த டிக்கெட் எண்களை ஒரு எக்செல் ஷீட்டில் சேர்த்து டீம் லீடரிடம் காட்டுங்கள். யாரும் கேட்காமலே நீங்கள் புரொப்ளம் மனேஜ்மென்ட் செய்துவிட்டீர்கள். பதவி உயர்வு கேட்கும்போது அந்த ஷீட்தான் உங்களுக்காகப் பேசும்.

பெரிய கோளாறு நேரத்தில் பதறாமல் பத்துப் பேரை ஒரே அழைப்பில் வைத்து வேலை வாங்க முடிகிறவர்கள் மேஜர் இன்சிடென்ட் பக்கம் போகலாம். நம் ஆங்கில உச்சரிப்பை நினைத்துக் கூச்சப்பட வேண்டாம். கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்துகிறவரைத்தான் கஸ்டமர் நம்புவார். ஆட்களோடு பழகுவது பிடித்தால் கஸ்டமருக்குச் சேவை ஒழுங்காகப் போய்ச் சேருவதற்குப் பொறுப்பான சேர்விஸ் டெலிவரி மனேஜர் வரை வழி இருக்கிறது. கருவிகளில் ஆர்வமுள்ளவர்கள் டிக்கெட்டுகளைக் கையாளும் சேர்விஸ்நவ் மென்பொருளைப் படியுங்கள். பழகிப் பார்க்க இலவசமாகவே ஒரு தளம் தருகிறார்கள்.

ஐ.டி. சேவைகளை நடத்தும் முறைக்கான ஐட்டில் 4 (ITIL 4) ஃபவுண்டேஷன் பரீட்சையில் 40 கேள்விகள், 60 நிமிடம். 26 சரியானால் சித்தி. கட்டணம் வெளிநாட்டுக் காசில் என்பதால் நமக்குப் பெரிய தொகை. கடன் வாங்கி எழுதாதீர்கள், கம்பனியிடம் கேளுங்கள். பல இடங்களில் கொடுப்பார்கள். மனேஜர் பதவிக்குப் பட்டம் கேட்கும் கம்பனிகளும் உண்டு. வேலை செய்துகொண்டே படிக்க கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பி.ஐ.டி. (தகவல் தொழில்நுட்ப) வெளிவாரிப் பட்டம் நல்ல வழி.

தங்கச்சிமாருக்கு இன்னொன்று. கஸ்டமர் இங்கிலாந்தில் இருந்தால் அவர்கள் நேரத்துக்குத்தான் வேலை: அங்கே காலை ஒன்பது மணி என்றால் நமக்குக் கோடையில் பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30. வேலை முடிய இரவு பத்தரை, பதினொன்றரை ஆகிவிடும். போர்டிங் வாசல்வரை வாகனம் தருவார்களா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டு, பதிலை ஈமெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள்.