காரைக்குடிப் பக்கம், குடியை விட உதவும் ஏ.ஏ. கூட்டம் கண்டுபிடிப்பது எப்படி

கூகுளில் ‘செட்டிநாடு’ என்று போட்டுத் தேடாதீர்கள். கோழிக் குழம்புதான் வரும். மாவட்டப் பெயரைப் போடுங்கள். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர் எல்லாம் சிவகங்கை மாவட்டம். பொன்னமராவதி, ராயவரம், அரிமளம் புதுக்கோட்டை மாவட்டம். இரண்டையும் பாருங்கள். மதுரை, திருச்சியையும் பார்த்துவிட்டு, பிறகுதான் ‘நம்ம பக்கம் எதுவும் இல்லை’ என்ற முடிவுக்கு வரலாம்.

தேட வேண்டிய பெயர் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இந்தியா’, சுருக்கமாக ஏ.ஏ. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் ஆரம்பித்தது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் தகுதி. கட்டணம் இல்லை, ஆதார் கேட்க மாட்டார்கள், வருகைப் பதிவேடும் கிடையாது.

இதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால், தேடினால் மேலே வந்து நிற்பவை பெரும்பாலும் மறுவாழ்வு மையங்களின் விளம்பரங்கள். எடுத்த எடுப்பில் முன்பணம் கேட்டாலோ, ‘ஆளைக் காட்டுங்க, வண்டி அனுப்புறோம்’ என்றாலோ, அது கூட்டம் அல்ல, மையம். மையமே தேவைப்படுகிறவர்களும் உண்டு. அப்படியானால் 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி பதிவு செய்ததா என்று கேட்டு, சான்றிதழைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

இணையத்தில் கிடைக்கும் ஏ.ஏ. கூட்டப் பட்டியலில் உள்ள இடத்தையும் நேரத்தையும் நம்பி நேரே கிளம்பிவிடாதீர்கள். கூட்டம் பள்ளி அறையிலோ சர்ச் வளாகத்திலோ நடக்கும். பரீட்சை, திருவிழா என்றால் இடம் மாறும். போகிற அன்றைக்கே அதில் உள்ள எண்ணுக்குப் போன் போடுங்கள். எடுப்பவர் சம்பளத்துக்கு உட்கார்ந்திருப்பவர் அல்ல, குடியை விட்ட இன்னொருவர். பகலில் வேலையில் இருப்பார். எடுக்காவிட்டால் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிட்டு, மாலையில் மறுபடி கூப்பிடுங்கள். இவ்வளவு பேசினால் போதும்:

“வணக்கம்ணே. ஏ.ஏ. கூட்டத்துக்கு வரணும். புதுசு. இன்னைக்கு உண்டா? எத்தனை மணிக்கு, பஸ் ஸ்டாண்டுல இருந்து எப்படி வரணும்? திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா?”

ஊர், குலம், அப்பச்சி பெயர் எதுவும் சொல்ல வேண்டாம். மூடிய கூட்டம் குடிநோயாளிகளுக்கு மட்டும். திறந்ததற்கு மனைவி, அண்ணன் தம்பி யாரும் கூட வரலாம். பெண்கள், வேறு பெண்கள் வருகிறார்களா என்று போனிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

தினமும் காலையிலேயே ஆரம்பிக்கும் ஆள், கை நடுக்கம் உள்ளவர் என்றால் கூட்டம் இரண்டாவது, டாக்டர்தான் முதல். ‘நாளைக்குக் கூட்டம், இன்னைக்கே விட்டுடுறேன்’ என்று சட்டென நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதையொட்டியே மனக்குழப்பம், இல்லாத உருவம் தெரிவது, கடும் காய்ச்சல் எல்லாம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். காரைக்குடி அரசு மருத்துவமனைக்கோ சிவகங்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய், எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ‘சோர்வா இருக்கு, குளுக்கோஸ் ஏத்துங்க’ என்று குடியை மறைத்துச் சொல்வது பெரிய தப்பு. குடிப்பவருக்குத் தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசி போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். குடியை நிறுத்தும் மாத்திரையைக் குடிப்பவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கும் வழக்கமும் வேண்டாம். அதன் மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து ஆள் போய்விடலாம்.

எந்த ஊர்க் கூட்டம்? பக்கத்தில் இருப்பதுதான் நல்லது என்று இல்லை. நம் பக்கம் தெருவில் நாலு பேர் ‘எங்கே கிளம்பிட்டீங்க’ என்று கேட்பார்கள். அது கூச்சமாக இருந்தால் காரைக்குடிக்காரர் புதுக்கோட்டைக்கோ மதுரைக்கோ போகலாம். உள்ளே பார்த்த முகத்தை வெளியே சொல்வதில்லை என்பது ஏ.ஏ.வின் அடிப்படை வழக்கம், ஆனாலும் முதல் தடவை மனசு ஒப்பாது.

பலர் கோட்டை விடுவது போகும்போது அல்ல, திரும்பும்போது. கூட்டம் பெரும்பாலும் மாலையில், ஒன்று ஒன்றரை மணி நேரம். முடியும்போது கிராமத்துக்குப் பஸ் குறைந்திருக்கும். டாஸ்மாக் இரவு 10 மணி வரை திறந்திருக்கும். பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் சும்மா நிற்கிற ஏற்பாட்டோடு போகாதீர்கள். கடைசி பஸ் நேரத்தை முன்பே கேட்டு வையுங்கள், இல்லாவிட்டால் மச்சானை வண்டியோடு வரச் சொல்லுங்கள்.

உள்ளே போனதும் பேசியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. “இன்னைக்குக் கேட்க மட்டும் வந்தேன்” என்றால் விட்டுவிடுவார்கள். உண்டியல் சுற்றி வரும். புதியவர் போட வேண்டியதில்லை. ஒரே கூட்டத்தை வைத்து எடை போடாதீர்கள், குழுவுக்குக் குழு சூழல் வேறு. குறைந்தது ஐந்தாறு கூட்டம் உட்கார்ந்து பாருங்கள்.

வர முடியாதவர்களுக்கு ஜூமில் தமிழ்க் கூட்டங்கள் உண்டு. சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கும் அதுவே வசதி. குடிப்பவர் வர மறுத்தால் வீட்டார் மட்டும் போகத் தனியாக அல்-அனான் இருக்கிறது. கூட்டமே இல்லாத ராத்திரிக்கு 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், இலவசம். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446.

கூட்டத்திலிருந்து கிளம்பும் முன் அங்கே இரண்டு பேர் போன் நம்பராவது வாங்கிக்கொள்ளுங்கள். குடித்த பிறகு அடிக்க அல்ல, கடைக்குக் கால் திரும்பும் அந்த நேரத்தில் அடிக்க.