மலேசியாவில் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டு தாதி வேலைக்குப் போக நினைக்கிறீர்களா?

சுங்கை சிப்புட் பக்கம் ரிசல்ட் வந்த கையோடு தனியார் கல்லூரி ஏஜெண்டுகள் தோட்டத்து வீடுகளுக்கு வந்துவிடுவார்கள். உடனே பணம் கட்டிவிடாதீர்கள்.

முதலில் மார்க்கைப் பாருங்கள். தாதிமை டிப்ளோமாவுக்குப் பொதுவாக ஐந்து கிரெடிட் (C அல்லது அதற்கு மேல்) கேட்பார்கள்: மலாய், கணிதம், ஒரு அறிவியல் பாடம், அப்புறம் வேறு இரண்டு. தமிழில் கிரெடிட் இருந்தால் அந்த இரண்டில் ஒன்றாகிவிடும். ஆங்கிலத்தில் பாஸ் வேண்டும். மார்க் சரியாக இருந்தால், எஸ்.பி.ஏ. (பொதுச் சேவை ஆணையம்) இணையத்தளத்தில் சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகத்துக்கு மனு போடுங்கள். அங்கே படிக்கும்போதே அலவன்ஸ் தருகிறார்கள், முடித்ததும் ஒப்பந்தப்படி அரசாங்கத்தில் வேலை செய்ய வேண்டும். இடம் கிடைக்கவில்லை என்றால் தனியார் கல்லூரியும் பிடிபிடிஎன் என்ற அரசாங்கக் கல்விக் கடனும்தான். ஆனால் அந்தக் கல்லூரியின் டிப்ளோமாவை மலேசியத் தாதியர் வாரியம் அங்கீகரித்திருக்கிறதா என்று நீங்களே வாரியத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள், ஏஜெண்டின் பேச்சு போதாது. ஏனென்றால் மூன்று வருடம் படித்துவிட்டு வாரியத்தின் பரீட்சையிலும் பாஸ் செய்தால்தான் பதிவு பெற்ற தாதி. சில மாதப் பராமரிப்பாளர் கோர்ஸ் முடித்தவர்கள் அந்தப் பரீட்சையில் உட்காரவே முடியாது. நான் பார்த்தவரை நம் பிள்ளைகள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

ஊசி போடுவதுதான் வேலை என்று நம் வீட்டுப் பெரியவர்கள் நினைப்பார்கள், அவர்கள் பார்த்தது தோட்டத்து டிரெஸ்ஸரை, அதாவது தோட்டத்து மருந்தகத்தில் மருந்து கொடுக்கும் உதவியாளரை. வார்டில் தாதிதான் நோயாளியின் பக்கத்திலேயே இருப்பவர். சரியான ஆளா, மருந்தா, அளவா, நேரமா, வாயிலா நரம்பிலா என்று ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும், ரத்த அழுத்தமோ மூச்சோ மாறினால் டாக்டர் கவனிப்பதற்கு முன்பே கண்டுபிடிக்க வேண்டும், எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும். எழுதாவிட்டால் செய்யாத கணக்குதான்.

பதிவு கிடைத்த பிறகு வருடா வருடம் தொழில் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும், அதற்குப் பயிற்சிப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். சில வருட அனுபவத்துக்குப் பின் போஸ்ட் பேசிக் என்ற சிறப்புப் பயிற்சி எடுங்கள்: டயாலிசிஸ், ஐ.சி.யூ., அறுவை சிகிச்சைக் கூடம், பிரசவம் என்று இருக்கின்றன. சிஸ்டர், மேட்ரன் என்று தலைமைத் தாதிப் பதவிகளுக்கு மேலே போகிறவர்கள் இருக்கிறார்கள். சிங்கப்பூருக்குப் போகிறவர்களும் உண்டு. டிகிரி பிறகு படித்துக்கொள்ளலாம், அவசரமில்லை.

அப்புறம், மோட்டார் லைசென்ஸ் எடுத்து வையுங்கள். ஷிப்ட் முடிந்து இரவு ஒன்பது மணிக்கு மேல் தோட்டத்துக்குள் வர பஸ்ஸை நம்ப முடியாது.