களனியின் சேற்றில் கழிவுநீரின் தடத்தை வாசிக்கும் முறை

கொழும்பில் ஓர் ஆற்றிலோ கால்வாயிலோ கழிவுநீர் கலக்கிறதா என்று அறிய விரும்புகிறவர்கள் வழமையாக ஒரு போத்தலில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு ஆய்வுகூடத்துக்குப் போகிறார்கள். அந்தப் போத்தல் அந்த வேளையின் நிலையை மட்டுமே சொல்லும்; மாலையில் ஒரு மழை பெய்தாலோ, மேற்பக்கத்தில் யாரேனும் இரவில் ஒரு குழாயைத் திறந்துவிட்டாலோ முடிவு மாறிவிடும். அடியில் படியும் அடையல் அப்படிப்பட்டதன்று. நீரில் எளிதில் கரையாத சேர்வைகள் நுண்ணிய களித்துணிக்கைகளில் ஒட்டிக்கொண்டு கீழிறங்கி, ஒட்சிசன் இல்லாத கருஞ்சேற்றில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகின்றன. அவற்றுள் கழிவுநீரோடு மட்டும் நெருங்கிய தொடர்புள்ளவற்றைத் தெரிவுசெய்து அளந்தால், மாசு எங்கிருந்து வந்தது, எந்த வகையானது, பதப்படுத்தப்பட்டதா இல்லையா என்ற கேள்விகளுக்கு ஓரளவு உறுதியாக விடை சொல்லலாம். இங்கே விளக்கப்படும் முறை பல்கலைக்கழக மாணவர்களையும், ஆய்வுகூட வசதியைப் பெறக்கூடிய சுற்றாடல் குழுக்களையும் மனத்திற்கொண்டது.

முதலில் சாட்சிகளைத் தெரிவுசெய்ய வேண்டும். இரண்டு போதும், ஆனால் இரண்டும் வேண்டும். முதலாவது கோப்ரோஸ்டனோல். மனிதக் குடலில் வாழும் பற்றீரியாக்கள் கொலஸ்ட்ரோலை ஒடுக்கி, அதாவது அதில் ஐதரசனைச் சேர்த்து, இதை உருவாக்குகின்றன. மனித மலத்திலுள்ள ஸ்டெரோல்களில் (கொலஸ்ட்ரோல் இனச் சேர்வைகளில்) ஏறத்தாழ 60 வீதம் இதுவே. இரண்டாவது, நேர்ச்சங்கிலி அற்கைல்பென்சீன்கள். சலவைத் தூளின் முக்கிய மூலப்பொருளைத் தயாரிக்கும்போது தாக்கமடையாமல் எஞ்சும் இவை, சங்கிலியில் 10 முதல் 14 காபன் அணுக்களைக் கொண்ட, அமைப்பில் வேறுபடும் 26 வகைகளின் (சமபகுதியங்களின்) கலவையாகத் தூளோடு சேர்ந்து வீட்டுக்கு வந்து வடிகானில் இறங்குகின்றன. இயற்கையில் இவை உருவாவதில்லை என்பதால், சேற்றில் இவற்றைக் கண்டால் அங்கே மனிதரின் கழுவுநீர் சேர்ந்திருக்கிறது என்பதில் ஐயமில்லை.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வதற்குக் கொழும்பிலேயே காரணம் உண்டு. நகரின் பழைய பகுதிகளில் மலசலகூட நீர் பாதாளக் குழாய்களில் சேர்ந்து, முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் கடலுக்குள் நீளும் குழாய்கள் வழியாக வெளியேறுகிறது. அதற்கு வெளியே பெரும்பாலான வீடுகளில் மலக்குழியே உண்டு. அவற்றில் பலவற்றில் சமையலறை நீரும் சலவை நீரும் குழிக்குள் போகாமல் நேரே தெரு வடிகானுக்குப் போகின்றன. ஆகவே ஒரு கால்வாயின் சேற்றில் அற்கைல்பென்சீன் மிகுந்தும் கோப்ரோஸ்டனோல் குறைந்தும் இருந்தால் அது கழுவுநீர். இரண்டும் ஒன்றாக உயர்ந்தால் மலநீர் நேரடியாகக் கலக்கிறது அல்லது குழிகள் நிரம்பி வழிகின்றன. இரண்டுக்கும் தீர்வு வேறு. ஒன்றை மட்டும் அளந்தவர் தவறான வீட்டின் கதவைத் தட்டுவார்.

இடங்களைத் தெரிவுசெய்தல்

இந்த வேலையின் வெற்றியோ தோல்வியோ பெரும்பாலும் ஆய்வுகூடத்துக்குப் போகுமுன்பே, வரைபடத்தின் மீதே தீர்மானிக்கப்படுகிறது. களனி கங்கையில் மேற்பக்கம், கீழ்ப்பக்கம் என்பது தெளிவானது: ஹங்வெல்ல, கடுவலை, அம்பத்தலை, பேலியகொடை, மட்டக்குளி என்ற வரிசையில் இறங்கலாம். கொழும்பின் கால்வாய்களிலோ அது அத்தனை எளிதன்று. அவை வடக்கே களனிக்கும், மேற்கே வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கடலுக்கும் திறக்கின்றன. நிலம் தட்டையானது, வற்றுப்பெருக்கும் மழையும் சேர்ந்து நீரோட்டத்தின் திசையையே மாற்றக்கூடும். எனவே ஒரு வடிகான் வாயிலுக்கு ஓர் இடம் என்று எடுக்காமல், அதன் இரு பக்கங்களிலும் ஒவ்வோர் இடமும், வாயிலிலேயே ஓரிடமுமாக எடுப்பது நல்லது.

கழிமுகத்தில் இன்னொரு பொறி உண்டு. வறண்ட மாதங்களில் உவர்நீர் ஆற்றின் அடிவழியே உள்ளே ஏறும்போது, நன்னீரில் மிதந்துவந்த நுண்துணிக்கைகள் உப்பைச் சந்தித்துத் திரண்டு அங்கேயே படிகின்றன. அவ்விடத்துச் சேறு எப்போதும் அதிக செறிவைக் காட்டும். அதன் பொருள் அருகில் ஒரு மூலம் இருக்கிறது என்பதன்று, ஆறு தன் சுமையை அங்கே இறக்கிவைக்கிறது என்பதே. மணல் அகழப்பட்ட ஆழக் குழிகளையும் தவிர்க்க வேண்டும். அங்கே எந்த வயதுடைய அடையல் எதன் மேல் கிடக்கிறது என்று யாராலும் சொல்ல இயலாது.

ஒப்பீட்டுக்கான தூய இடத்தைத் தேடுகிறவர்கள் மலைநாட்டுக்குப் போய்விட்டால் போதும் என்று எண்ணுவதுண்டு. களனியாக ஒன்றுசேரும் மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் தேயிலைத் தோட்டங்களையும் லயன் குடியிருப்புகளையும் கடந்தே வருகின்றன. குடியிருப்பில்லாத ஒரு சிறு கிளையோடையைத் தேடி எடுப்பதே முறை.

சேற்றை எடுத்தலும் காத்தலும்

மென்சேறுள்ள கால்வாய்க்கு எக்மன் வகைப் பிடிகருவியும், மணல் கலந்த ஆற்றடிக்குக் கனமான வான் வீன் வகைப் பிடிகருவியும் பொருந்தும். மேலுள்ள 2 சென்றிமீற்றர் படையை மட்டும் துருப்பிடிக்காத உருக்குக் கரண்டியால் அள்ளி, முன்கூட்டியே 450 பாகை செல்சியசில் சூடாக்கி ஆறவைத்த கண்ணாடிக் குப்பியில் இட்டு, மூடியின் உட்புறம் அலுமினியத் தாளை வைத்து மூடவேண்டும். பிளாஸ்ரிக் பைகள் வேண்டாம். ஒவ்வோர் இடத்திலும் மூன்று மாதிரிகள் தேவை. குப்பிகளை ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து அன்றைக்கே உறைநிலையில், ஏறத்தாழ மறை 20 பாகையில் வைக்க வேண்டும்; கொழும்பின் வெயிலில் வாகனத்தில் கிடந்த சேற்றில் பற்றீரியாக்கள் வேலையை நிறுத்துவதில்லை. கையுறையும் முழங்கால் வரையிலான றப்பர் சப்பாத்தும் அணியாமல் கால்வாயில் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் இந்த நகரத்தில் அரிதான நோயன்று. குடிநீர் எடுக்கும் அம்பத்தலைப் பகுதியில் மாதிரி எடுப்பதற்கு முன்னர் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் அனுமதியைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

ஆய்வுகூடத்தில் மாதிரியை உறைநிலையில் உலர்த்தி, ஒரு பங்கில் துணிக்கைப் பருமனையும் மொத்தச் சேதனக் காபனையும் அளக்க வேண்டும். மீதியை இருகுளோரோமெதேன், மெதனோல் கலவையால் பிரித்தெடுத்து, செப்புத் தூளால் கந்தகத்தை நீக்கி, சிலிக்கா நிரலில் அற்கைல்பென்சீன் பகுதியையும் ஸ்டெரோல் பகுதியையும் வேறாக்கி, ஸ்டெரோல்கள் எளிதில் ஆவியாகும்படி அவற்றைச் சிலைல் பெறுதிகளாக மாற்றியபின் வாயு நிறப்பகுப்பும் திணிவு நிறமாலைமானியும் இணைந்த கருவியில் அளப்பர். பிரித்தெடுப்புக்கு முன்பே தெரிந்த அளவில் நியமப் பொருளைச் சேர்க்காவிட்டால் எவ்வளவு இழந்தோம் என்று பின்னர் அறிய வழியில்லை. இந்தப் படிமுறையில் மிகவும் கேடு செய்வது ஆய்வாளரின் கைதான். தோலில் கொலஸ்ட்ரோல் இருக்கிறது. பாத்திரம் கழுவும் திரவத்தில் நாம் தேடும் அற்கைல்பென்சீனே இருக்கக்கூடும். ஒவ்வொரு தொகுதியோடும் சேறில்லாத ஒரு வெற்று மாதிரியையும் முழுப் படிமுறையிலும் கொண்டுசெல்லுங்கள்.

எண்களை வாசித்தல்

உலர் அடையலின் கிராமொன்றுக்கு 0.5 மைக்ரோகிராம் கோப்ரோஸ்டனோலைக் கடந்தால் மாசடைந்தது என்று பல ஆய்வுகளில் எல்லை வகுக்கப்படுவதுண்டு. அந்த எண்ணைத் தனியே நம்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 63 மைக்ரோமீற்றருக்குக் குறைந்த துணிக்கைகள் மிகுந்த சேறு எதையும் அதிகமாகப் பிடித்துவைக்கும். மணல் எதையும் பிடிக்காது. செறிவைச் சேதனக் காபனால் வகுத்த பின்னரே இரண்டு இடங்களை ஒப்பிட முடியும்.

விகிதங்கள் இதைவிட நம்பத்தக்கவை. கொலஸ்ட்ரோல் சேற்றில் தானாக ஒடுக்கமடையும்போது பெரும்பாலும் கொலஸ்டனோல் என்ற மற்றைய சமபகுதியமே உருவாகிறது. எனவே கோப்ரோஸ்டனோலை, கோப்ரோஸ்டனோல், கொலஸ்டனோல் ஆகிய இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்கும்போது 0.7க்கு மேல் வந்தால் மலநீர் கலந்திருக்கிறது எனவும், 0.3க்குக் கீழ் வந்தால் கலக்கவில்லை எனவும் கொள்ளலாம்; இடைப்பட்டதை இடைப்பட்டதென்றே எழுதுங்கள். கொலஸ்ட்ரோலை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது வீண், ஏனெனில் மீன் கழிவும் நீரிலுள்ள மிதவையுயிர்களும் அதைத் தாராளமாகத் தரும்.

மாடுகளும் எருமைகளும் மேயும் சதுப்பு நிலங்கள் நகரத்தைச் சூழ்ந்திருப்பதால், 24-எதைல்கோப்ரோஸ்டனோலையும் அளக்க வேண்டும். தாவர உண்ணிகளின் சாணத்தில் இதுவே முதன்மையானது. இது கோப்ரோஸ்டனோலை விஞ்சியிருந்தால் மனிதரைக் குற்றஞ்சாட்டுவதற்கு முன் மேய்ச்சல் நிலத்தை ஒருமுறை பார்த்துவர வேண்டும். பன்றியின் கழிவிலும் கோப்ரோஸ்டனோல் கணிசமாக உண்டு. அருகில் பண்ணை இருக்கிறதா என்று விசாரிப்பது அவசியம்.

பதப்படுத்தப்பட்டதா என்ற கேள்விக்கு அற்கைல்பென்சீன் விடை தருகிறது. பென்சீன் வளையம் சங்கிலியின் ஓரத்தில் இணைந்த சமபகுதியங்களை ஒட்சிசனுள்ள சூழலில் பற்றீரியாக்கள் விரைவில் சிதைக்கின்றன. நடுவில் இணைந்தவை நின்றுபிடிக்கின்றன. 12 காபன் சங்கிலியுள்ளவற்றில் நடுவகைக்கும் ஓரவகைக்கும் இடையிலான விகிதம் 1ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருந்தால் அது பதப்படுத்தாத நீர். 2ஐக் கடந்தால் காற்றூட்டிய சுத்திகரிப்பையோ நீண்ட சிதைவையோ கண்ட நீர். ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் கீழ்ப்பக்கத்தில் தாழ்ந்த விகிதம் தொடர்ந்து வந்தால், நிலையத்தைச் சுற்றிச் செல்லும் வழி ஏதும் உண்டா என்று கேட்க நியாயம் பிறக்கிறது.

பழைய வரலாற்றை அறிய விரும்புவோர் குழாயொன்றைச் செருகிப் படைகள் குலையாமல் அடையலை எடுத்து, ஏறத்தாழ 22 ஆண்டு அரைவாழ்வுக்காலமுள்ள ஈயம்-210 என்ற கதிரியக்க ஈயத்தைக் கொண்டு படைகளின் வயதைக் கணிப்பர். கொழும்பின் கால்வாய்கள் அடிக்கடி தூர்வாரப்படுவதால் அங்கே இது பயன் தராது. ஆற்றோரத் தேக்கங்களில் முயன்றாலும் 2016 மே மாத வெள்ளம் போன்ற ஒரு நிகழ்வு பல ஆண்டுகளின் படைகளை அரித்துக்கொண்டு போயிருக்கக்கூடும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

முடிவுகளை மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கோ உள்ளூராட்சி மன்றத்துக்கோ கொடுப்பதாயின், செறிவுகளோடு துணிக்கைப் பருமன், சேதனக் காபன், வெற்று மாதிரியின் அளவு, மாதிரி எடுத்த நாளுக்கு முன் பெய்த மழை ஆகியவற்றையும் அட்டவணையில் சேருங்கள். உறைநிலையில் உலர்த்திய அடையலில் ஒரு பங்கைத் தொடாமல் பூட்டிவையுங்கள்; எண்ணை மறுக்கிற தரப்பு வேறோர் ஆய்வுகூடத்தில் மீண்டும் அளக்கக் கேட்கும்போது கொடுப்பதற்கு அது ஒன்றே இருக்கும்.