ஹே ராம் படத்த பாதில ஆஃப் பண்ணாம பாக்குறது எப்படி

2000 பிப்ரவரில ரிலீஸ் ஆனப்போ ஹே ராம் தியேட்டர்ல ஓடல. கமல் எழுதி, இயக்கி, தயாரிச்சு, நடிச்சு, கூட ஷாருக் கான், நசீருதீன் ஷா, இளையராஜான்னு அத்தன பேர் இருந்தும் கூட்டம் வரல. மூணு தேசிய விருது வாங்குச்சு, ஆஸ்காருக்கு இந்தியா சார்புல போச்சு, ஆனாலும் இன்னிக்கு வரைக்கும் நிறைய பேர் ஒரு மணி நேரம் பாத்துட்டு "முடியலப்பா"ன்னு நிறுத்திடுறாங்க. எனக்கு ரொம்ப பிடிச்ச படம், அதனாலதான் இத எழுதுறேன்.

முதல்ல சப்டைட்டில் இருக்குற பிரிண்டா தேடி எடுங்க. தமிழ் வெர்ஷன்லயே இந்தி, வங்காளம், இங்கிலீஷ்னு வசனம் மாறி மாறி வரும், அன்னிக்கு தியேட்டர்ல பாதி பேருக்கு புரியாம போனதுக்கு இது ஒரு பெரிய காரணம்னு நெனைக்குறேன்.

ரெண்டு தேதிய மனசுல வெச்சுக்கோங்க. 1946 ஆகஸ்ட் 16, தனி பாகிஸ்தான் கேட்டு முஸ்லிம் லீக் நேரடி நடவடிக்கை நாளா அறிவிச்ச அன்னிக்கு கல்கத்தால ஆரம்பிச்ச கலவரம், சில நாள்ல ஆயிரக்கணக்கான பேர் செத்தாங்க. அடுத்து 1948 ஜனவரி 30, டெல்லி பிர்லா மாளிகைல காந்திய சுட்ட நாள். கதை முக்கால்வாசி இதுக்கு நடுவுலதான் நடக்குது. கருப்பு வெள்ளைல வர்றது 1999 டிசம்பர் 6, கமல் நடிச்ச சாகேத் ராம் வயசாகி சாகக் கிடக்குறார், வெளிய மறுபடி கலவரம். பாபர் மசூதிய இடிச்ச அதே தேதி, சும்மா வெச்சதில்ல.

கல்கத்தா பகுதிய குழந்தைங்கள வெச்சுக்கிட்டு பாக்காதீங்க. பாலியல் வன்முறை இருக்கு, கூட பாக்குறவங்க கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. ஆனா அத ஓட்டிவிட்டு பாத்தா மீதிப் படம் நிக்காது, ஏன்னா ராமோட மனைவி அபர்ணாவுக்கு நடந்ததுதான் ராமுக்குள்ள அந்த வெறிய ஏத்துது. ஒரே மூச்சுல மூணு மணி நேரத்துக்கு மேல பாக்கணும்னு கட்டாயமில்ல, ராம் ரெண்டாவதா மைதிலிய கல்யாணம் பண்ற வரைக்கும் ஒரு நாள், மீதி அடுத்த நாள்னு வெச்சுக்கலாம்.

முக்கியமான விஷயம், சாகேத் ராம ஹீரோவா நெனச்சு பின்னாடி போகாதீங்க. படம் விழுந்ததுக்கு உண்மையான காரணம் இதுதான்னு என் கருத்து. நம்ம ஊர்ல கமல் திரைல வந்தா அவர் பக்கம்தான் நியாயம்னு உக்காந்திருப்போம், இங்க அவரே காந்திய கொல்ல கெளம்புறார். ராம காந்திக்கு எதிரா திருப்புற அபயங்கரா வர்ற அதுல் குல்கர்னி (தேசிய விருதுல ஒண்ணு இவருக்குத்தான்) பேசும்போது அவ்ளோ நிதானமா, படிச்சவன் மாதிரி, அக்கறையா பேசுவார், ஒரு கட்டத்துல நமக்கே தலையாட்டத் தோணும், அந்த எடத்துல நிறுத்தி நாம ஏன் தலையாட்டுனோம்னு யோசிங்க. அப்புறம் டெல்லில சோடா ஃபேக்டரி காட்சி வரும், ராமோட பழைய நண்பன் அம்ஜத் பேசுறத ஒரு வார்த்த விடாம கேளுங்க. ஷாருக் நடிச்சதுல எனக்கு இத விட பெருசா எதுவும் தெரியல.

பாட்டையும் ஓட்டாதீங்க. முதல்ல எல். சுப்ரமணியம் இசையமைச்சு பாட்டெல்லாம் ஷூட் பண்ணிட்டாங்க, அவர் விலகுனதுக்கு அப்புறம் இளையராஜா வந்து, ஏற்கனவே எடுத்த காட்சில வாயசைவு எப்படி இருக்கோ அதுக்குப் பொருந்துற மாதிரி புதுசா மெட்டு போட்டார். இத தெரிஞ்சுக்கிட்டு 'நீ பார்த்த பார்வை' பாருங்க, எங்கயும் ஒட்டுப்போட்ட மாதிரியே தெரியாது. அதுல வர்ற வங்காள வரிகள் ஜீவனானந்த தாஸ் கவிதை.

பாத்து முடிச்ச உடனே யார் கிட்டயும் சண்டைக்குப் போகாதீங்க, ராமும் அம்ஜத்தும் அபயங்கரும் கற்பனை, கோட்சே நிஜம், இத பிரிச்சு வெச்சுக்கிட்டாலே பாதி விவாதம் தேவையில்ல. ஒரு வாரம் கழிச்சு அபயங்கர் காட்சிகள மட்டும் திரும்ப போட்டுப் பாருங்க, மொத தடவ சரின்னு பட்ட வாதத்துல எங்கெல்லாம் ஓட்டை இருக்குன்னு அப்பதான் கண்ணுல படும்.