பாய் விரித்துக் களம் அமைப்பது எப்படி: ஒரு பழைய பந்துவீச்சாளரின் குறிப்புகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பையன்கள் ஆறு பேர் ஒரு பழைய தென்னை நார்ப் பாயை வண்டியில் கொண்டுவந்து என் வீட்டு வாசலில் இறக்கினார்கள். கிரிக்கெட் மைதானத்தில் விரிக்கிற பாய். "பெரியப்பா, சுற்றிலும் ஆணி அடித்தால் போதுமல்லவா?" என்று ஒருவன் கேட்டான். போதாது என்று சொல்லித் திண்ணையில் உட்காரவைத்தேன். பேசி முடிக்க உச்சிப்பொழுது ஆகிவிட்டது. அன்று சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

1977 முதல் 1991 வரை மாவட்ட அளவில் பந்து வீசியவன் நான். அந்த ஆட்டங்களில் முக்கால்வாசி பாய்மீது ஆடியவை. ஆட்டத்துக்கு முந்தைய மாலை எங்கள் அணியின் பாயை விரிப்பதும் என் பொறுப்புதான். பாய் வெறும் மேல்தோல். பந்து எவ்வளவு எழும்பும், எவ்வளவு திரும்பும் என்பது அடியில் இருக்கும் மண்ணையும், பாயை இழுத்துக் கட்டிய விறைப்பையும் பொறுத்தது. ஆகவே பாயைத் தொடும் முன் மண்ணைப் பாருங்கள்.

முதலில் திசை. களம் வடக்கு தெற்காக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காலையிலும் மாலையிலும் மட்டையாளர் கண்ணில் வெயில் குத்தும். எங்கள் ஊரில் இதனால் இன்னொரு வேலை கூடுகிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடி மாதத்தில் மேற்கிலிருந்தும் மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்தும் வீசும். இரண்டு காற்றும் களத்துக்குக் குறுக்கே வந்து பாயின் நீள ஓரங்களைத்தான் தூக்கும். வேறு ஊர்களில் மூன்றடிக்கு ஓர் ஆணி போதுமாக இருக்கலாம். இங்கே ஒன்றரை அடிக்கு ஒன்று அடியுங்கள்.

அடுத்தது மண். கேரளத்தில் கரிசல் மண் இருப்பது பெரும்பாலும் எங்கள் சித்தூர் தாலுகாவில்தான். பருத்திக்கும் நிலக்கடலைக்கும் நல்ல மண். பாய்க்கு அது எதிரி. மழையில் உப்பும், பங்குனி வெயிலில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். பாய் அந்த வெடிப்பை மூடி மறைத்துவிடும். மட்டையாளர் கண்ணுக்குத் தெரியாது, பந்துக்குத் தெரியும். ஆகவே 72 அடி நீளம், 10 அடி அகலத்துக்கு ஓர் அடி ஆழம் கரிசலை வெட்டி அள்ளிவிடுங்கள். குழியின் அளவு 720 கன அடி, அதாவது ஏழு யூனிட்டுக்குச் சற்று மேல். திமிசு போட்டால் மண் அமுங்கும் என்பதால் சரளையும் செம்மண்ணுமாக ஒன்பது யூனிட் வரவழையுங்கள். அடியில் நான்கு அங்குலம் சரளை. அதன்மேல் சலித்த செம்மண்ணை இரண்டு இரண்டு அங்குலமாகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியாக நனைத்து இடிக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் ரோலர் ஓட்டினால் மேல்பகுதி இறுகியிருக்கும், உள்ளே பொக்காகவே இருக்கும். ஒரே மாதத்தில் குழி விழும்.

எவ்வளவு ஈரம் என்று கேட்டார்கள். ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், உள்ளங்கையில் ஒட்டக்கூடாது. இடுப்பு உயரத்திலிருந்து கீழே விட்டால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். பொடியாகச் சிதறினால் தண்ணீர் போதவில்லை. அப்படியே பதிந்து உட்கார்ந்தால் தண்ணீர் அதிகம். கடைசி அடுக்கில் கிடைத்தால் புற்றுமண் கலந்துகொள்ளுங்கள். நான்கு நாள் காலையிலும் மாலையிலும் ரோலர் ஓட்டியபின் சாணம் கரைத்து மெழுகுங்கள். என் அம்மா வாசல் மெழுகியதைப் பார்த்துத்தான் நான் இதைக் கற்றேன். தண்ணீர் போலக் கரைத்தால் புழுதி அடங்காது, தோசை மாவுப் பதம் வேண்டும். நடுவிலிருந்து இரு ஓரங்களுக்கும் அரை அங்குலம் வாட்டம் இருந்தால் மழைநீர் நிற்காது. ரசமட்டம் வைத்துப் பாருங்கள், கண்ணை நம்ப வேண்டாம்.

பாய் விரிக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். பந்தைத் தலை உயரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு இடங்களில் விட்டுப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே உயரம் எழும்ப வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் தொப்பென்று விழுந்தால் அங்கே தோண்டி மறுபடி இடியுங்கள்.

பாயைப் பற்றி. புதிது வாங்குவதானால் 66 அடிக்கு 8 அடி வாங்குங்கள். விதிப்படி புல்தரை அல்லாத களத்துக்குக் குறைந்தது 58 அடி நீளமும் 6 அடி அகலமும் வேண்டும். 6 அடிப் பாயில் சுழற்பந்து ஓரத்தில் விழுந்து ஆட்டமே கெட்டுவிடும். ஆலப்புழையில் 1859 முதல் ஆலை வைத்துத் தென்னை நாரில் பாய் நெய்கிறார்கள். தேங்காய் மட்டையைக் காயல் நீரில் மாதக்கணக்கில் ஊறவைத்து எடுக்கிற வெள்ளை நாருக்குப் பெயர்போன ஊர் அது. நமக்குக் கிழக்கே பொள்ளாச்சிப் பக்கத்தில் கிடைப்பது பெரும்பாலும் இயந்திரத்தில் அடித்தெடுத்த பழுப்பு நார். முரடு, ஆனால் ஒட்டுப்போடவும் ஓரம் கட்டவும் நன்றாக உழைக்கும்.

இனி விரிப்பது. இதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள்.

இரண்டு பனஞ்சட்டம் எடுத்துக்கொள்ளுங்கள், எட்டரை அடி நீளம். பாயின் இரு முனைகளையும் அரை அடி மடித்துச் சட்டத்தில் சுற்றி, வாஷர் போட்ட ஆணியால் அறையுங்கள். வடக்கு முனைச் சட்டத்தை ஸ்டம்புக்கு அரை அடி முன்னால் மூன்று அங்குலக் கால்வாய் வெட்டிப் புதையுங்கள். சட்டத்தின் தலை தரைமட்டத்துக்கு மேலே ஒரு நூல்கூடத் தெரியக்கூடாது. பந்து வீசுகிறவனின் கால் இறங்குவது இந்த இடத்தில்தான். தூக்கிக்கொண்டு நின்ற பாய் விளிம்பில் கால் மாட்டிக் கணுக்கால் பிசகி, ஒரு பருவம் முழுக்க ஆட முடியாமல் போன வேகப்பந்து வீச்சாளரை எனக்குத் தெரியும்.

பிறகு தெற்கு முனை. நான்கு பேர் சட்டத்தைப் பிடித்து இழுக்க, இரண்டு பேர் கடப்பாரையால் நெம்ப வேண்டும். முதலில் நீளவாக்கில் முழு விறைப்பு, அதன்பிறகுதான் ஓரம். ஓரத்தை நடுவிலிருந்து தொடங்கி இரு முனைகளை நோக்கி அடியுங்கள். கிழக்கே ஓர் ஆணி அடித்தால் நேர் எதிரே மேற்கே ஓர் ஆணி. ஒரு பக்கம் முழுவதையும் அடித்துவிட்டு மறுபக்கம் போனால் மடிப்பு விழும். ஆணி ஆறு அங்குலம், வெளிப்பக்கம் சாய்வாக.

மடிப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1984இல் ஒரு மாலை இருட்டிவிட்டது என்று மேற்கு ஓரத்தை மொத்தமாக அடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை மூன்றாவது ஓவரில் நல்ல நீளத்தில், அதாவது மட்டையாளர் முன்னே வருவதா பின்னே போவதா என்று தயங்கும் தூரத்தில், விழுந்த பந்து மடிப்பில் பட்டு எழும்பி எங்கள் தொடக்க ஆட்டக்காரரின் வாயில் அடித்தது. முன்பற்கள் இரண்டு போயின. அது என் கையால் விரித்த பாய். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்து ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன் வெறுங்காலோடு பாய்மீது முனைக்கு முனை நடந்துபார்ப்பேன். கண்ணுக்குத் தப்பும் மடிப்பு உள்ளங்காலுக்குத் தப்பாது. நீங்களும் நடந்து பாருங்கள். உணவு இடைவேளையில் மறுபடி ஒருமுறை நடங்கள். வெயிலிலும் மிதியிலும் பாய் தளரும், இழுத்துக் கட்ட வேண்டியிருக்கும்.

விறைத்த பாயில் பந்து விரைந்து, உயர்ந்து எழும்பும். தளர்ந்த பாயில் மெதுவாக வரும், ஆனால் பிடித்துத் திரும்பும். சொந்த அணிக்கு ஏற்றபடி தளர்த்தி வைக்கும் பழக்கம் அந்தக் காலத்தில் இருந்தது. நான் அதற்கு ஒருநாளும் உடன்படவில்லை. முழு விறைப்புதான் இரு தரப்புக்கும் நியாயம்.

நார்ப் பாய் பந்தின் தையலைப் பிடித்துக்கொள்ளும். 1956 அக்டோபரில் கராச்சியில் ஆஸ்திரேலியா 80 ரன்னில் சுருண்டது. அந்த டெஸ்டில் பாகிஸ்தான் பந்துவீச்சாளர் ஃபசல் மஹ்மூத் 114 ரன் கொடுத்து 13 விக்கெட் எடுத்தார். முதல் நாள் முழுவதும் இரு அணிகளும் சேர்ந்து எடுத்த ரன் 95. விரித்திருந்தது பாய். என் அண்ணன் இதைச் சொன்னபோது எனக்குப் பதினான்கு வயது. விரல்களைத் தையலுக்குக் குறுக்கே இழுத்து வீசும் லெக் கட்டரை அன்றே பழகத் தொடங்கினேன். பாயில் அந்தப் பந்து எனக்குச் சோறு போட்டது. பின்னர் கோயம்புத்தூரில் புல்தரைக் களத்தில் ஆடப் போனபோது அதே பந்து நேராகப் போய் மட்டையின் நடுவில் பட்டது. புல்தரைக்கு வேறு நீளம், வேறு பொறுமை வேண்டும் என்று கற்க எனக்கு இரண்டு பருவம் ஆயிற்று. ஆகவே பாயில் பழகும் பிள்ளைகளை மாதம் ஒருமுறையாவது புல்தரையில் பந்து வீச அழைத்துப் போங்கள். பாயில் வரும் விக்கெட்டை மட்டும் வைத்து அவர்களை எடைபோட வேண்டாம். மட்டையாளர்களுக்கோ பாய் நல்ல பள்ளிக்கூடம்: பந்து இடுப்புக்கு மேல் வரும், பின்காலில் ஆடாமல் தப்ப முடியாது.

முள் வைத்த ஷூ பாய்மீது கூடவே கூடாது; ரப்பர் அடி போதும். கோடுகளுக்குச் சுண்ணாம்பு. ஸ்டம்பை மண்ணில் நடுங்கள், பாயைத் துளைக்க வேண்டாம்.

ஆட்டம் முடிந்ததும் ஆணிகளை எண்ணி எடுங்கள். ஒன்று குறைந்தாலும் தேடாமல் போகாதீர்கள், அங்கே மறுநாள் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுவார்கள். பாயை உதறி, இரண்டு மணி நேரம் வெயில் காட்டி, மூங்கிலில் இறுகச் சுற்றி, தரையில் படாமல் செங்கல்மேல் வையுங்கள். ஈரத்தோடு சுற்றிய பாய் ஒரே மழைக்காலத்தில் மக்கிவிடும். தரையில் கிடந்தால் கரையான் தின்றுவிடும். இடவப்பாதிக்கு, அதாவது தென்மேற்குப் பருவமழைக்கு, முன் கட்டாயம் கூரைக்கு அடியில் போய்விட வேண்டும்.

பையன்கள் கொண்டுவந்த பாயில் ஒரு முழம் நைந்திருக்கிறது. பந்து அதிகம் விழுகிற இடம் அதுதான். ஒட்டுப்போட்டுவிடுவது நல்லது. பொள்ளாச்சியிலிருந்து கயிறு வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன். மண் வேலை வரும் சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தொடங்குகிறது. மம்பட்டி நான்கு இருக்கிறது. இன்னும் இரண்டு வேண்டும்.