இருபதாம் நூற்றாண்டுக் கட்டடங்களைப் பாதுகாக்கத் தேர்ந்தெடுக்கையில் நேரும் தவறுகள்

குமரி மாவட்டத்தில் பாரம்பரியக் கட்டடம் என்றதும் பத்மநாபபுரம் அரண்மனையும் சுசீந்திரம் கோயிலும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. பழமை ஒன்றையே அளவுகோலாகக் கொள்வதுதான் முதல் தவறு. 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் நினைவுச்சின்னத்துக்கு நூறு வயது கேட்கிறது. அந்தக் கணக்குப்படி 1956இல் எழுந்த கன்னியாகுமரி காந்தி மண்டபம் 2056 வரை காத்திருக்க வேண்டும். டெல்லியில் 1972இல் கட்டப்பட்ட ஹால் ஆஃப் நேஷன்ஸ் என்னும் கண்காட்சி அரங்கம் அறுபது வயதைக்கூட எட்டவில்லை என்று காரணம் கூறிப் பாதுகாப்பு மறுக்கப்பட்டு, 2017 ஏப்ரலில் இடிக்கப்பட்டதை மறந்துவிடக் கூடாது.

புகழை மட்டும் பார்ப்பதும் தவறே. காந்தி மண்டபத்தையோ 1970இல் திறக்கப்பட்ட விவேகானந்தர் பாறை நினைவகத்தையோ யாரும் இடிக்கப்போவதில்லை. ஓட்டுக்கூரைப் பள்ளிகளும் ஊர் நூலகங்களும்தான் சத்தமில்லாமல் மறைந்துகொண்டிருக்கின்றன.

என் பார்வையில் மிகப் பெரிய தவறு, கட்டுமானத்தை அதன் வேலையிலிருந்து பிரித்துப் பார்ப்பதாகும். மாத்தூர் தொட்டிப்பாலத்தை எடுத்துக்கொள்வோம். 1960களில் பறளியாற்றின் குறுக்கே, 28 தூண்களின் மேல், சுமார் 115 அடி உயரத்தில் கட்டப்பட்ட இந்தப் பாலம், ஒரு குன்றிலிருந்து மறு குன்றுக்கு மின்விசை எதுவுமின்றிச் சரிவை மட்டுமே நம்பிப் பாசன நீரைக் கடத்துகிறது. ஆகவே பாதுகாப்பு ஆவணத்தில் தூண்களை மட்டும் எழுதிவிட்டு, இருபுறமும் நீளும் கால்வாயையும் அதை நம்பியிருக்கும் வயல்களையும் விட்டுவிட்டால், மிஞ்சுவது படம் எடுக்கும் இடம் மட்டுமே. அங்கே தண்ணீர் ஓடுவதே பாதுகாக்க வேண்டிய முதல் பொருள்.

கம்பி தெரிகிறது என்பதற்காகக் கான்கிரீட் கட்டடத்தை "பழுதடைந்தது" என முத்திரை குத்துவதும் அடிக்கடி நடக்கிறது. கடற்காற்றின் உப்பு உள்ளே இறங்கினால் கம்பி துருப்பிடித்துப் பருக்கும், மேல்பூச்சு பெயர்ந்து விழும். ஆனால் சுத்தியலால் தட்டி, வெற்றோசை எழும் பகுதிகளைக் குறித்து, துருவின் அளவைச் சோதித்த பிறகே முடிவெடுக்க வேண்டும். பல இடங்களில் துருவை நீக்கிச் சீரமைத்தாலே போதும். சுண்ணாம்புக் காரைச் சுவரில் சிமெண்ட் பூசுவதோ நேர்மாறான கேடு, ஏனெனில் ஈரம் வெளியேற வழியின்றிச் சுவருக்குள்ளேயே தங்கிவிடுகிறது. எனவே பட்டியல் தயாரிக்கும் குழுவில் கட்டடக்கலை வல்லுநருடன் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரும், அந்தக் கட்டடத்தை இன்றும் பயன்படுத்துவோரும் அமர வேண்டும்.